உடுப்பிக்காரர் ஓட்டலில் கை நனைத்தவர்கள்

1

இன்றைக்குக் காலையில் உடுப்பிக்காரர் ஓட்டலில் சர்வர் சுப்பய்யா இட்லித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றான். "ஏமண்டி, போன வருஷம் ஃபேமிலி ரூம்ல பொங்கல் சாப்டாங்களே உங்க வியங்குடு, அவங்க மறுபடி வரவே இல்லியே?" என்றான். தெலுங்கில் வியங்குடு என்றால் சம்பந்தி. பதினைந்து வருஷமாக எனக்குத் தட்டு வைக்கிறவன், பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகத்தான் பேசுவான்.

"வருவாங்க, வருவாங்க" என்று சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டேன். அதைத் தண்ணீர் குடித்துத்தான் தள்ள வேண்டியிருந்தது. அவன் மேல் தப்பில்லை, நல்ல மனசோடுதான் கேட்டான்.

பர்மாவிலும் மலேயாவிலும் குடியேறினவர்கள் உங்கள் பத்திரிகையில் எழுதுகிற பக்கத்தில், திருப்பதியில் பஸ் டிக்கெட் கிழிக்கிற குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் கப்பல் ஏறவில்லை. திருத்தணிக்குப் பக்கத்தில் பிறந்து, பிழைப்புக்காக ரேணிகுண்டாவில் ரயில் மாறி இங்கே வந்தேன். ஒரே ஜில்லா. பொங்கலுக்குக் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊரில் இருக்கலாம். இதைப் போய்ப் பரதேசம் என்று யாராவது சொல்வார்களா?

அப்புறம் ஆந்திரா தனி ராஜ்யம் ஆனது. சித்தூர் ஜில்லா மொத்தமும் அங்கே போனது. சரி, ஊரும் நானும் சேர்ந்துதானே போகிறோம் என்று இருந்தேன். எல்லையைப் பற்றி வருஷக்கணக்கில் பேசினார்கள், ஊர்வலம் போனார்கள். கடைசியில் போன வருஷம் கோட்டைப் போட்டார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. உங்களுக்கு அன்றைக்கு வெடியும் கொடியும் இனிப்பும். நான் இங்கே அதே கவுண்டரில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து, "சித்தூருக்கு ரெண்டு, பாகாலாவுக்கு ஒண்ணு" என்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். நான் எங்கேயும் போகவில்லை ஐயா. ஊர்தான் எழுந்து போய்விட்டது.

2

என் மகன் நடேசனுக்குக் காலேஜில் சேர, தகப்பன் இன்ன ஊர்க்காரன் என்று ஓர் அத்தாட்சி வேண்டியிருந்தது. இங்கே இருக்கிற ஆபீசில் கேட்டேன். "உங்க ஊரு மெட்ராஸ் ஸ்டேட்டு கதா? அக்கட அடகண்டி" என்று, அங்கே போய்க் கேட்கச் சொல்லி அனுப்பினார்கள். அங்கே போனேன். "நீ இருக்கிறது திருப்பதி, இங்க வந்து இன்னாய்யா கேக்கற?" என்று அந்தக் குமாஸ்தா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். மறுபடி இங்கே. மறுபடி அங்கே. பந்துக்குக்கூட நடுவில் கொஞ்சம் ஓய்வு இருக்கும்.

கடைசியில் நடேசனே எவனோ சிநேகிதனுடைய தகப்பனாரைப் பிடித்து வேலையை முடித்துக்கொண்டு வந்தான். வாயெல்லாம் பல். "நைனா, நம்மள திருப்பதிக்காரங்கன்னு போட்டுட்டாங்க. பீடை விட்டுச்சு!" என்றான். எது பீடை என்று நான் கேட்கவில்லை. என்னோடு ஓட்டலுக்கு வந்தால், "மெதுவா பேசு நைனா, எல்லாரும் பாக்கறாங்க" என்பான். தமிழில் பேசினால் யார் பார்க்கிறார்கள்? அந்த ஓட்டலில் பாதிப் பேர் காஞ்சிபுரத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் மொட்டை போட வந்தவர்கள்தான். அவனுக்கு அவர்களைப்போல் ஆகிவிடுவோமோ என்று பயம்.

3

ஓட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்துக்கு வந்த கேடு உங்களுக்குப் புரியாது.

முதல் பஸ்ஸுக்கு நான் விடியற்காலையில் கவுண்டரைத் திறக்க வேண்டும். அதற்கு முன்னால் ஓட்டலில் முதல் ஈடு இட்லி. பத்து நிமிஷம் தாமதித்தால் போச்சு. மலையிலிருந்து இறங்கினவர்கள் மொட்டைத்தலையில் சந்தனம் காயாமல் வந்து குவிந்துவிடுவார்கள். உட்கார்ந்து சாப்பிடுகிற ஒவ்வொருவன் நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் நிற்கும். கடைசி வாய் எடுப்பதற்குள் ஒருத்தர் துண்டை நாற்காலியின் முதுகில் போட்டுவிடுவார். நம் முதுகுக்குப் பின்னால் ஒரு பசித்த மனுஷன் மூச்சு விட்டுக்கொண்டு நிற்க, நாம் பெசரட்டுத் தோசையைத் தின்ன வேண்டும். பழகாதவர்களுக்கு இறங்காது. எனக்குப் பழகிவிட்டது. இஞ்சிப் பச்சடியை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி, நிதானமாகத்தான் சாப்பிடுவேன்.

உள்பக்கம் பச்சைத் திரை போட்ட ஃபேமிலி ரூம் இருக்கிறது. பொம்பளைகள் உட்காருகிற இடம். அந்தத் திரைக்குப் பின்னால் எத்தனையோ பெண் பார்க்கும் படலம் நடந்திருக்கிறது. பையன் வீட்டார் வேண்டுதல் என்று மலைக்கு வருவார்கள், பெண் வீட்டாரும் வேண்டுதல் என்று வருவார்கள், தற்செயலாகச் சந்தித்த மாதிரி இந்த ஓட்டலில் காபி குடிப்பார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. சாமி கும்பிட வந்தோம், போனோம்.

காபிதான் குடிப்பார்கள். அதை மறந்துவிடாதீர்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கே தெரியும், சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரிடம் கை நனைக்க மாட்டார்கள். காபி தொண்டையோடு போய்விடும். கையை வைத்துப் பிசைந்து தின்று கையைக் கழுவினால், சம்மதம் என்று அர்த்தம். வாயால் சொன்னதை மாற்றலாம், கை நனைத்ததை மாற்ற முடியாது என்று நானும் என் சம்சாரம் கனகாவும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

4

எங்கள் மகள் சரோஜாவுக்குப் போன வருஷம் இருபத்து நாலு நடந்துகொண்டிருந்தது. அந்த வயசில் கனகாவுக்கு இரண்டு குழந்தை.

பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. கண்ணுக்கு லட்சணம், கை வேலை சுத்தம், கோபம் வந்தால்கூடச் சத்தம் வராது. அவள் படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை எடுத்துவிட்டார்கள். ஆள் சேரவில்லை, வாத்தியார் வரவில்லை என்றார்கள். தெலுங்கில் படித்தாள். வீட்டில் எங்களோடு தமிழ், தம்பியோடு தெலுங்கு, கணக்குப் போட்டால் தெலுங்கு. இங்கே இருக்கிறவர்களுக்கு நாங்கள் அரவவாள்ளு, அதாவது தமிழ் ஜனம், பெண் எடுக்க மாட்டார்கள். உங்கள் பக்கத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "பொண்ணு தெலுங்கு வாடை அடிக்குதே" என்றார்கள். இரண்டு இடம் அப்படித் தட்டிப்போனது. ஒரு பெண்ணை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று தெரியாமல் நாங்கள் முழித்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் என் மைத்துனன் முனுசாமி திருத்தணியிலிருந்து தகவல் கொண்டுவந்தான். தணிகாசலம் என்று ஒருவர், நம் ஜனம், நெல் வியாபாரம். பையன் அங்கே தமிழ் வாத்தியார். "ஆனி மாசம் மலைக்கு வராங்க மாமா. பொண்ணக் கூட்டிக்கினு ஓட்டலுக்கு வந்துடு, மத்தத நா பாத்துக்கறேன்" என்றான்.

அன்று ராத்திரி கனகா சொன்னாள்: "இந்த ஒண்ணு நடந்துட்டா போதுங்க. நாம இங்கயே கெடந்தாலும் பொண்ணு நம்ம ஊர்ல இருப்பா. போக வர ஒரு வூடு இருக்கும்." அவள் சொன்னதைத்தான் நானும் நினைத்திருந்தேன். பெண்ணுக்குப் புருஷன், எங்களுக்கு ஊர். இரண்டும் அந்த ஒரு இடத்தில் இருந்தன.

5

குறித்த நாளில் திரையை விலக்கிக்கொண்டு வந்தார்கள். தணிகாசலம், அவர் சம்சாரம், வாத்தியார் பையன். மூன்று பேரும் விடியும் முன்னே எழுந்து, தரிசனத்துக்கு நின்று, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கி வந்திருந்தார்கள். முகமே சொன்னது.

"இன்னா சாப்பிடறீங்க?" என்றேன்.

"காபி போதுங்க" என்றார் தணிகாசலம்.

மேஜைக்கு அடியில் கனகா என் முழங்கையைப் பிடித்தாள். போச்சுடா என்று எனக்கும் தோன்றியது. அந்த அம்மாள் சரோஜாவைப் பார்த்து, "இன்னாமா படிச்சிருக்கே?" என்று கேட்டாள். "பதோ தரகதிங்க" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்து, "பத்தாவதுங்க" என்றாள் என் பெண். அந்த அம்மாள் சிரித்தாள். நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாத்தியார் பையன் மட்டும் சரோஜாவை நிமிர்ந்து பார்த்து, "எங்க ஸ்கூல்ல கூட இன்னும் பாதிப் புள்ளைங்க அப்பிடித்தான் சொல்லுது" என்றான். சரோஜா தலையைக் குனிந்துகொண்டே சிரித்ததைப் பார்த்தேன்.

அப்போது சுப்பய்யா பொங்கலைக் கொண்டுவந்து வைத்தான். யாரும் கேட்கவில்லை. முதல் அண்டா இறங்கினால் ஃபேமிலி ரூமுக்கு அனுப்புவது அங்கே பழக்கம். நெய் மேலே நிற்கிறது, முந்திரி சிவந்திருக்கிறது, மிளகு வாசனை மூக்கில் ஏறுகிறது. தணிகாசலம் தட்டைப் பார்த்தார். சம்சாரத்தைப் பார்த்தார்.

தட்டை இழுத்துக்கொண்டார்.

"நெய் தாராளமா வுட்டுக்கிறான்" என்றார், முதல் வாய் போனதும். அந்த அம்மாளும் சாப்பிட்டாள், பையனும் சாப்பிட்டான். வடை வந்தது. பொங்கல் இன்னொரு தடவை வந்தது. சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் வரிசையாகப் போய்க் குழாயில் கை கழுவினார்கள். கனகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகைங்க" என்றாள். திரைக்குப் பின்னால் ஏது புகை?

அவர்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பினபோது, "முனுசாமிகிட்ட சொல்லி அனுப்பறோம்" என்றார் தணிகாசலம். வேறென்ன சொல்ல இருக்கிறது, கையைத்தான் நனைத்தாயிற்றே! அன்று கவுண்டரில் என்னிடம் எரிந்து விழுந்த பிரயாணிக்கு நான் சிரித்துக்கொண்டே டிக்கெட் கொடுத்தேன்.

6

அன்று முதல் சரோஜா தமிழ் படிக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை. நான் ஓட்டலில் வடை கட்டிக்கொண்டு வந்தால், காகிதத்தைப் பிரித்து, எண்ணெய்க் கறைக்கு நடுவில் விரலை வைத்து எழுத்துக் கூட்டுவாள். நானும் சுப்பய்யாவிடம் தமிழ்ப் பேப்பராகப் பார்த்துக் கட்டச் சொல்வேன். வாத்தியார் வீட்டுக்குப் போய் எழுத்துத் தெரியாமல் நிற்கக் கூடாது என்று அவளுக்கு ரோஷம். தம்பி கேலி செய்தால் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அவ்வளவு ஆசையை அவள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதே மாதம் பாகாலாவிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். அவள் மகன் பாகாலா ஜங்ஷனில் ரயில்வே பாயிண்ட்ஸ்மேன். நம் ஜனம்தான், பல தலைமுறையாக இந்தப் பக்கமே இருக்கிறவர்கள். ஒரு வருஷமாகவே சரோஜாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் பேசுவதும் எங்கள் வீட்டைப்போல்தான், ஒரு வாக்கியத்தில் இரண்டு பாஷை. பெண் தெலுங்கு வாடை அடிக்கிறாள் என்று அவர்கள் சொல்லியிருக்கவே மாட்டார்கள்.

கனகா அவளுக்குக் காபி கொடுத்தாள். "முடிஞ்சிடுச்சிக்கா. திருத்தணில மாப்ள. போன வாரம் வந்து கை நனைச்சிட்டாங்க" என்றாள். பக்கத்தில் நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினேன்.

"நல்லா இருக்கட்டும்மா" என்று அந்த அம்மாள் எழுந்தாள். ஆவணியில் அவள் மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. எங்களுக்கும் பாக்கு வைத்தார்கள். சந்தோஷமாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

7

திருத்தணியிலிருந்து தகவல் வரவில்லை. ஆடியில் எப்படி வரும் என்றோம். ஆவணியில் வரவில்லை. புரட்டாசியில் பேச மாட்டார்கள் என்றோம். முனுசாமி ஆளே தலைகாட்டவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நானே கிளம்பினேன்.

நகரி தாண்டிச் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். முன்னெல்லாம் அங்கே ஒரு புளியமரம்தான் இருந்தது. ஒருவன் ஏறி என் பையைத் திறக்கச் சொன்னான். அரிசி கடத்துகிறேனாம். உள்ளே ஒரு வேட்டி, கொஞ்சம் லட்டு. "எந்த ஊரு?" என்றான். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "திருப்பதி" என்றேன். சரி என்று இறங்கிப் போனான்.

தணிகாசலம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க வாங்க! மலையாண்ட பாத்தது. உக்காருங்க." லட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. மழை, நெல் விலை எல்லாம் பேசினோம். பிறகு அவராகவே சொன்னார்: "தை மாசம் பையனுக்குக் கல்யாணங்க. திருவாலங்காட்டுப் பொண்ணு. நீங்க குடும்பத்தோட வந்துடணும்."

"அன்னிக்கு நீங்க கை நனைச்சீங்களே?" என்றேன்.

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போனார். "ஐயையோ! அது ஓட்டலுங்களே! ஓட்டல்காரன் சோறு. உங்க வூட்ல நாங்க எங்க கை நனைச்சோம்? நல்ல பசி வேற. அதப் போயி நீங்க…" என்று தலையில் கை வைத்தார். "வாணான்னு அப்பவே முனுசாமிகிட்ட சொல்லிட்டேங்க. அவன் உங்களுக்குச் சொல்லலியா?" முனுசாமிக்கு எங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் போயிருக்கிறது.

"பொண்ணுல கொறை இல்லீங்க" என்றார் பிறகு, மெல்ல. "பையனுக்குக் கூடப் புடிச்சிருந்தது. ஆனா இப்ப வேற வேற ராஜ்யம் ஆயிடுச்சி. நாள பின்ன ஒரு சண்டை சச்சரவுன்னா, ஒரு பேப்பர் வேணும்னா, எங்கன்னு போய் நிக்கிறது?"

இதற்கு நான் என்ன வாதாட முடியும்? ஒரு அத்தாட்சிக்கு நான் நாயாய் அலைந்தவன். அந்த மனுஷன் பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். உள்ளதைச் சொன்னார். வழக்கமும் அவர் சொன்ன மாதிரிதான், வீட்டில் நனைத்தால்தான் நனைத்தது. அந்த ஓட்டலிலேயே பாதி ஆயுசைக் கழித்துவிட்டதால், அதை என் வீடு என்றே நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உள்ளேயிருந்து அந்த அம்மாள் இலையைக் கொண்டுவந்து போட்டாள். "வெறும் வயித்தோட போவக் கூடாது" என்றாள். இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும். எழுந்து போய்விடலாம் என்று ஆத்திரம் வந்தது. ஆனால் கோபித்துக்கொள்வதற்கு ஒரு உறவு வேண்டுமே. விடியற்காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. உட்கார்ந்தேன். கொத்சு எங்கள் வீட்டுப் பக்குவத்தில், அதே புளிப்பில் இருந்தது. வெட்கமில்லாமல் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாய் என்று அவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

8

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். கனகா வாசலிலேயே நின்றிருந்தாள். என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை.

"அவங்க வூட்ல துன்னீங்களா?" என்றாள்.

"துன்னேன்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. "சரோஜா! அடியே சரோஜா! நைனா அங்க கை நனைச்சிட்டு வந்துக்கிறாருடி!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சாமி படத்துக்கு முன்னால் நின்று, கற்பூரம் எங்கே, தீப்பெட்டி எங்கே என்று தேட ஆரம்பித்தாள். பெருமாளே, பெருமாளே என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பது வாசல் வரைக்கும் கேட்டது.

சரோஜா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"வேற பொண்ணு பாத்துட்டாங்களா நைனா?"

தலையை ஆட்டினேன்.

"அப்பறம் ஏன் அங்க துன்னே?"

"பசிச்சுது கண்ணு."

உள்ளே தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. அவள் என் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, "அம்மாகிட்ட நா சொல்லிக்கறேன். நீ போய்க் கால கழுவு" என்றாள்.